உலையில் நாய்க்கும் ஒரு பங்கு

அத்தியாயம் 6: கஷ்டப்படும் வீடுகளுக்குப் பிராணி உணவு

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் நாய்க்கென்று தனி உலை வைப்பதில்லை. வீட்டுக்கு வடித்த சோற்றில் இரண்டு கை, மீன் வாங்கிய அன்று தலை, கறி எடுத்த அன்று எலும்பு, மற்ற நாளில் ரசமோ மோரோ விட்டுப் பிசைந்தது, போகிற போக்கில் டீக்கடையில் ஒரு பொறை. வீட்டுக்காரருக்கு வேலை போனாலோ, யாராவது படுக்கையில் விழுந்தாலோ உலை சிறுத்துவிடும். உலை சிறுத்தால் முதலில் போவது நாயின் பங்கு. அப்புறம் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும்: "நமக்கே இல்ல, இதுக்கு எங்க போறது?" அந்தப் பேச்சு எழுந்த நாளுக்கும், நாயை வண்டியில் ஏற்றி மீன் மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டு வரும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கும். உங்கள் வேலைக்குக் கிடைக்கும் காலம் அவ்வளவுதான்.

பிராணியைப் பட்டினி போடுவதும், பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அதில் உள்ள அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் காலத்தில் 50 ரூபாய் பெரிய தொகை. இன்று ஒரு நாயின் ஒரு வாரத் தீனிக்குக் காணாது. வேலை இழந்த மனிதரிடம் போய்ச் சட்டம் பேசுவதைவிட ஒரு பை குருணை கொடுப்பது பலன் தரும்.

"காப்பகத்தில் விட்டுவிடலாமே" என்று கேட்பவர்கள் ஒருமுறை ஒரு காப்பகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸும் சரி, அதைவிட மூத்த வேப்பேரி எஸ்.பி.சி.ஏ.வும் சரி, முதலில் கவனிக்க வேண்டியது அடிபட்டதையும் நோயுற்றதையும். பார்வோவும் டிஸ்டெம்பரும் கூட்டத்தில் வேகமாகப் பரவும் நோய்கள். பத்து வருடம் ஒரே வாசலில் படுத்த நாயைக் கூண்டுக்குள் விட்டால் சில நாய்கள் தட்டைத் தொடவே மாட்டா. வீட்டிலேயே வைத்துக்கொள்ள மனம் இருந்து, தீனிக்கு மட்டும் வழி இல்லை என்றால், தீர்க்க வேண்டியது தீனியைத்தான்.

மேலை நாடுகளில் இதற்கென்று பிராணி உணவு வங்கிகள் உண்டு. மனிதர்களுக்கான முதல் உணவு வங்கியை 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கினார். பிராணிகளுக்கு அது விரிந்தது பின்னால்தான். முதியோருக்கு வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோகும் 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' தொண்டர்கள், தாங்கள் கொடுத்த தட்டில் ஒரு பகுதி பூனைக்கும் நாய்க்கும் போவதைப் பார்த்தார்கள். பல ஊர்க் கிளைகள் அதன் பிறகு பிராணித் தீனியையும் சேர்த்தே கொண்டுபோகத் தொடங்கின. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வையை. பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இங்கே சரிப்படாது. அங்கே நாய் பாக்கெட் தீனி தின்கிறது, அதனால் பாக்கெட் திரட்டுகிறார்கள். இங்கே நாய் வீட்டுச் சோறு தின்கிறது. மூன்று மாதம் பாக்கெட்டுக்குப் பழக்கிவிட்டு நீங்கள் விலகிக்கொண்டால், அந்த வீட்டுக்கு முன்பு இல்லாத ஒரு செலவை விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

யார் வருவார்கள்

தனியாக இருக்கும் முதியவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், இரவுக் காவலர்கள், நடைபாதையில் குடும்பம் நடத்துபவர்கள், வாடகை வீடு கிடைக்காமல் ஊர் ஊராக மாறும் திருநங்கைகள். இவர்களை எதிர்பார்ப்பீர்கள். எதிர்பாராத ஒருவரும் வருவார்: கிழிந்த செருப்போடு லாப்ரடாரைப் பிடித்துக்கொண்டு வரும் அம்மா. தொண்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். விசாரித்தால் தெரியும், அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் வெளிநாடு போகும்போது, "நீங்கதான் அதுக்குப் பழக்கம்" என்று சொல்லி விட்டுப் போயிருப்பார்கள். சம்பளமும் போய், நாயும் வந்து சேர்ந்த வீடு அது. நாயின் சாதியைப் பார்த்து எஜமானரின் வருமானத்தைக் கணிக்காதீர்கள்.

வருமானச் சான்று, ஆதார் நகல், ரேஷன் அட்டை எதுவும் கேட்காதீர்கள். கஷ்டம் இல்லாத ஒருவர் பொய் சொல்லி நாலு கிலோ குருணை வாங்கிப் போனால் போகட்டும். கேள்விக்குப் பயந்து வராமல் போகும் பத்துப் பேரின் நாய்கள்தான் தெருவுக்கு வரும். ஆனால் விற்பனைக்காகக் குட்டி போட வைப்பவர்களைச் சேர்க்க வேண்டாம். தெருவில் இருபது நாய்க்குச் சோறு வைப்பவர்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். அந்தப் புண்ணியவான்கள் வீட்டுப் பட்டியலுக்குள் வந்தால் ஒரே வாரத்தில் மூட்டை காலியாகிவிடும். கூண்டுக் கிளிக்குத் தானியம் கேட்டு வந்தால், பச்சைக்கிளி வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பக்குவமாகச் சொல்லி, வனத்துறையிடம் ஒப்படைக்க உதவுங்கள்.

முதல் நாள் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். வடசென்னையில் ஒரு கிளினிக் வாசலில் மேசை போட்டிருந்தார்கள். இட்லிக்கடை வைத்திருந்த ஓர் ஆயா, கால் முறிந்து கடையை மூடியவர், நாலு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துவிட்டு மெல்ல வந்தார்.

"நாய்க்கு ஏதோ குடுக்குறாங்களாமே தம்பி, அது இங்கதானா?"

"இங்கதான் ஆயா, உக்காருங்க. பேரு சொல்லுங்க."

"என் பேரா?"

"உங்க பேரு அப்புறம். அவன் பேரு என்ன?"

"மணி."

அதற்குப் பிறகு அந்தப் பையன் கேட்க வேண்டியிருக்கவில்லை. மணிக்கு வயது எட்டு, மாமியார் மாதிரி அதிகாரம் பண்ணுவான், கடை இருந்தபோது காலையில் உடைந்த இட்லி, ராத்திரி கோழிக்கால், இப்போது கஞ்சி, அதுவும் ஒருவேளை என்று அவரே வரிசையாகச் சொல்லிவிட்டார். விண்ணப்பப் படிவத்தில் இருந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் அதில் இருந்தது. பிராணியின் பெயர், வயது, எடை, எத்தனை, இப்போது என்ன தின்கிறது, முன்பு என்ன தின்றது, தடுப்பூசி, கருத்தடை. இவ்வளவுதான் தாளில் இருக்க வேண்டும். எழுதுவதை அவர் போன பிறகு எழுதலாம்.

எவ்வளவு கொடுப்பது

எடைதான் அளவு. நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். இயந்திரம் இல்லையென்றால் பழைய பேப்பர் கடைத் தராசு இருக்கவே இருக்கிறது. விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்ட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது.

வளர்ந்த, கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கலோரி வேண்டும். 15 கிலோ நாட்டு நாய்க்கு 850. 30 கிலோ லாப்ரடாருக்கு 1,400. உலர் தீனி 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி என்று கணக்குப் போட்டால், 10 கிலோ நாய்க்கு மாதம் ஐந்தரைக் கிலோ, லாப்ரடாருக்கு 12 கிலோ, நாலு கிலோ பூனைக்கு 2 கிலோ. குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இதைவிடக் கூடுதல் தேவை. கிழட்டு நாய்க்கும் சோம்பேறி நாய்க்கும் குறைத்துக்கொள்ளலாம்.

நாட்டு நாய்க்கு நான் சிபாரிசு செய்வது சமைத்த சோறுதான். 15 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு: குருணை 130 கிராம், கோழியின் கால், தலை, கழுத்து எல்லாம் சேர்த்து 150 கிராம், முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு டீஸ்பூன், கையில் இருந்தால் பூசணியோ கேரட்டோ கொஞ்சம். அரிசி மண்டியில் குருணை மூட்டையாகக் கிடைக்கும். நாய்க்கு என்று சொன்னால் சில மண்டிக்காரர்கள் விலையைக் குறைத்தும் தருவார்கள். கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் காலையும் தலையையும் தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை போனால் நிறையவே கிடைக்கும், ஆனால் காலையிலிருந்து வெயிலில் கிடந்ததா, ஐஸில் இருந்ததா என்று முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

சமைக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பது மூட்டை கொடுப்பதைவிட முக்கியம். கோழிக்காலை நகம் நறுக்கி, குக்கரில் தண்ணீர் தாராளமாக விட்டு, எலும்பை இரண்டு விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவிட வேண்டும். அரைவேக்காட்டில் இறக்கிய எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே குருணையைப் போட்டுக் குழைய விடுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா, உப்பு கிடையாது. மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டால் தப்பில்லை. எலும்பு சேராத நாளில் முட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, மிக்ஸியில் பொடித்து அரை டீஸ்பூன் கலக்கலாம். கால்சியத்துக்கு அது போதும். ஈரல் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் இந்தச் சோற்றில் சில தாதுக்களும் வைட்டமின்களும் குறையத்தான் செய்யும். அதனால் நாலில் ஒரு பங்கு பாக்கெட் தீனியைச் சேர்த்துக் கொடுங்கள். பாக்கெட்டே பழக்கமான நாய்க்கும், அடுப்பே இல்லாத நடைபாதைக் குடும்பத்துக்கும் முழுவதும் பாக்கெட். எதிலிருந்து எதற்கு மாற்றினாலும் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றச் சொல்லுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், "நீங்க குடுத்ததைத் தின்னுதான் இப்படி ஆச்சு" என்று பழியும் வரும்.

கல்யாண மண்டபத்து மீதியைப் பற்றிக் கேட்காத ஊரே இல்லை. பிரியாணி அண்டாவோடு வந்து நிற்பார்கள். வேண்டாம். வெங்காயம் நாயின், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு அந்தப் பாதிப்பு இன்னும் அதிகம். கேசரியில் கிடக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெள்ளைச் சோறு மட்டும் மீதி என்றால் அன்றே விநியோகிக்க ஆள் இருந்தால் வாங்குங்கள். பொறையும் பிஸ்கட்டும் பெட்டி பெட்டியாக வரும். அதில் மைதாவும் சர்க்கரையும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொடுத்தவர் மனம் கோணாமல் வாங்கி, மருந்து மாத்திரை ஒளித்துக் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் உறுதியாக மறுக்க வேண்டும்: ரேஷன் அரிசி. அட்டைக்காரர் தன் வீட்டில் வடித்த சோற்றில் தன் நாய்க்குப் போடுவது அவர் பாடு. நீங்கள் அதை வீடு வீடாகத் திரட்டி மூட்டை கட்டினால் அது பதுக்கல், கடத்தல் வழக்கில் போய் நிற்கும். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பது பறக்கும் படையிடம் எடுபடாது.

பூனைக்குத் தனிக் கணக்கு

பூனைக்கு நாய்த் தீனி கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு கெடும். டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை மங்கும். இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் நோய்க்கும் அதுவே காரணம் என்பதை 1987இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர் பால் பியானின் குழுவினர் காட்டிய பிறகு, பூனைத் தீனி நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. ஆகவே நாய்ப் பாக்கெட் உபரியாக இருக்கிறது என்பதற்காகப் பூனை வீட்டுக்கு அதைக் கட்டிக் கொடுக்காதீர்கள்.

ஏழை வீட்டுப் பூனை தின்பது பெரும்பாலும் பால் சோறும் கருவாடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கருவாட்டில் உப்பு அதிகம். மத்தி, நெத்திலி மாதிரி விலை குறைந்த மீனை வேகவைத்து, வெந்த தண்ணீரோடு கொடுக்கச் சொல்லுங்கள். சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு, கொதித்தால் அது போய்விடும். மீனோடு கோழியின் இதயம், தொடைப்பகுதித் துண்டுகள் கிடைத்தால் நல்லது. டாரின் அவற்றில் அதிகம், வெந்த நீரிலும் இறங்கியிருக்கும். இருந்தாலும் பூனைக்கு மட்டும் நான் பாக்கெட் தீனியின் பக்கம்தான் நிற்பேன். மாதம் 2 கிலோதான், பெரிய பாரம் இல்லை.

பூனை இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால், அதிலும் பருத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். "பசிச்சா தானா திங்கும்" என்பது பூனையிடம் செல்லாது. அப்படி ஒரு வீடு வந்தால் தீனிப் பை கொடுத்து அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பொருள் எங்கிருந்து வரும்

பெட் ஷாப், கால்நடை மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகிய மூன்று இடங்களில் மூடி போட்ட டிரம் வையுங்கள். அதில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். காலாவதித் தேதி நெருங்கிய பாக்கெட்டுகளைக் கடைக்காரர்களிடமும் மொத்த விற்பனையாளர்களிடமும் கேட்டு வாங்கலாம். இரண்டு மாதமாவது மிச்சம் இருந்தால் வாங்குங்கள்.

அதிகமாகக் கொடுப்பவர் யார் தெரியுமா? அண்மையில் நாயை இழந்தவர். போன வாரம் பிரித்த பத்துக் கிலோ மூட்டை, மருந்து, கழுத்துப் பட்டை, படுக்கை, எல்லாவற்றையும் காரில் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்பார். அவசரமாக எடை போட்டு ரசீது கிழிக்காதீர்கள். அந்த நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் போன பிறகு மூட்டையைப் பாருங்கள். சிறுநீரகம், ஈரல், நீரிழிவு, சிறுநீர்க் கல் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறப்புத் தீனியாகவே அது பெரும்பாலும் இருக்கும். அதைச் சாதாரண நாய்க்குக் கொடுக்கக்கூடாது. தனியாக அடுக்கி, பக்கத்து கால்நடை மருத்துவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டால், வாங்க வசதியில்லாத நோயாளி நாய்க்கு அவர்களே சீட்டு எழுதி அனுப்புவார்கள். கடையில் மிக விலை உயர்ந்த தீனி அதுதான், ஆகவே அலட்சியமாக ஒதுக்காதீர்கள்.

பிரித்த மூட்டையை வாங்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கொடுப்பவர் நேரில் வந்து, பிரித்த தேதி சொல்லி, தீனி அதே பையில் இருந்தால் நான் வாங்குவேன். யாரோ டிரம்மில் போட்டுவிட்டுப் போன பிரித்த பை குப்பைக்குப் போக வேண்டியது.

பணம் திரட்டுவதை முதல் ஆறு மாதம் தள்ளி வையுங்கள். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வரத் தொடங்கினால், நூறு ரூபாயில் சந்தேகமும் ஆயிரம் ரூபாயில் சண்டையும் வரும். பொருளாக வாங்குங்கள், கறிக்கடை பாக்கியை நன்கொடையாளரே நேரில் கட்டட்டும். வேலை நிலைத்துவிட்டால் அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழோ பதிவு செய்து, நன்கொடையாளர்களுக்கான வருமான வரிச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

மூட்டையைக் காப்பது

கடலோர ஊர்களில் ஈரக்காற்றுதான் எதிரி. குருணையும் உலர் தீனியும் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது நாயின் ஈரலைத் தாக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாய்த் தீனியில் இந்த நஞ்சு கலந்திருந்தது தெரியவந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் பதிவாயின. தொழிற்சாலையிலேயே நடக்கும் என்றால் நம் ஸ்டோர் ரூமில் நடக்காதா? வெயிலில் காயவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூசண வாடையோ பச்சை, கறுப்புப் பொட்டோ தெரிந்தால் மொத்தப் பையையும் புதையுங்கள். "தெருநாய்க்குப் போடலாம், கோழிக்குப் போடலாம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவற்றுக்கும் ஈரல் இருக்கிறது.

மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். தேதியை மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். பெரிய பாக்கெட்டைக் கிலோ கிலோவாகப் பிரித்தால், மூலப் பையின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதியைச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். தீனியில் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டால் கெடும், பிரித்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எலி வரும். எலிப் பாஷாணம் வைக்காதீர்கள், கூண்டு வையுங்கள். எலியின் சிறுநீர் பட்ட தீனியால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மூட்டை தூக்கும் உங்களுக்கும் வரும்.

நிபந்தனை போடலாமா

கருத்தடை செய்தால்தான் தீனி என்று சில அமைப்புகள் சொல்கின்றன. அவர்கள் நோக்கம் சரி, வரிசை தவறு. பசியோடு வந்தவரிடம் அறுவைச் சிகிச்சை பேசினால் அடுத்த வாரம் வரமாட்டார். முதல் பை எந்தக் கேள்வியும் இல்லாமல் போகட்டும். இரண்டாவது மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், ஏனென்றால் ஒரே அறையில் நாயோடு படுத்துத் தூங்கும் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது அது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். தேதியை விசாரித்து, ஆட்டோ ஏற்பாடு செய்து நீங்களே அழைத்துப் போங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், தடுப்பூசி இல்லாமல் உரிமமும் கிடைக்காது.

மூன்றாவது மாதத்தில் கருத்தடை பற்றிப் பேச்சை எடுங்கள். அதற்குள் உங்களை நம்பியிருப்பார்கள். குடற்புழு மாத்திரையையும் உண்ணி மருந்தையும் தீனியோடு சேர்த்துக் கொடுத்தால் அதுவே பேச்சுக்கு வழி. புழு இருக்கும் நாய்க்கு எவ்வளவு போட்டாலும் உடம்பு ஒட்டாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் திரும்பிப் பாருங்கள். வேலை கிடைத்தவர் தானாகவே சொல்லிவிடுவார், சிலர் அடுத்த மாதம் ஒரு கிலோ குருணையோடு வந்து டிரம்மில் போட்டுவிட்டுப் போவார்கள். எப்போதும் தேவைப்படுபவர்களும் உண்டு. எழுபது வயதுப் பாட்டிக்கு இனி வருமானம் கூடப்போவதில்லை. அவரை ஆயுளுக்கும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாயை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே கேட்டு, ஒரு பக்கத்து வீட்டுப் பெயரை எழுதி வையுங்கள்.

உதவி செய்யக்கூடாத வீடும் உண்டு. நாள் முழுக்கச் சங்கிலியில் வெயிலில் கட்டி, அடித்து, வருடத்துக்கு இரண்டு ஈத்து வாங்கி விற்கும் வீட்டுக்கு நீங்கள் தரும் தீனி அந்தத் தொழிலுக்கு முதலீடு. அங்கே பேச வேண்டியது தீனியைப் பற்றி அல்ல, நாயை வேறு வீட்டுக்கு மாற்றுவதைப் பற்றி.

மழைக்கு முன்

சென்னையை 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் முடக்கியபோது, மாடியில் நாயோடு உட்கார்ந்து படகில் ஏற மறுத்தவர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். இது நம் ஊர்ப் பிடிவாதம் மட்டும் இல்லை. 2005இல் கத்ரீனா புயலின்போது பிராணிகளை விட்டு வர மறுத்துப் பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. நம் நிவாரண முகாம்களில் நாய்க்கு இடம் கேட்டால் இன்னும் விநோதமாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஐப்பசி பிறக்கும் முன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாரத் தீனி, சமைக்கத் தேவையில்லாத பாக்கெட் தீனியாக, இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு கயிறு. தடுப்பூசிச் சீட்டைப் படம் எடுத்து அவர்கள் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வான தெருவில் உங்கள் ஸ்டோர் ரூம் இருந்தால் மூட்டைகளை இப்போதே மாடிக்கு ஏற்றுங்கள்.

முதல் மாதம் பத்து வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். பாதியில் நின்றுபோகும் உதவியை நம்பிய வீடு, உதவியே கிடைக்காத வீட்டைவிட மோசமான நிலைக்குப் போகும். பத்து நாட்டு நாய்க்கு ஒரு மாதத்துக்கு 40 கிலோ குருணை, 45 கிலோ கோழிக்கால், 300 முட்டை வேண்டும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒரு கறிக்கடையும் மனம் வைத்தால் திரண்டுவிடும். நாளைக் காலை முதலில் கறிக்கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள், மண்டிக்கு மத்தியானம் போகலாம்.